மாமா சம்மதிச்சிட்டாரு

கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடி. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அத்தனை பேர் விடும் மூச்சுக்கு அது எந்த மூலைக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பெரிய டிவி, கீழே எங்கேயோ சமோசா பொரிக்கிற எண்ணெய் வாசனை. டீ-சர்ட் போட்ட இளவட்டங்களுக்கு நடுவே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக முன்வரிசையில் ஒரே ஒருவர். அவர் என் அப்பா.

நான் அப்போதுதான் தோற்றிருந்தேன். சண்டை கேமில்தான். நிஜச் சண்டையாக இருந்திருந்தால் அந்த மாடியில் பாதிப் பேரைப் படிக்கட்டில் உருட்டியிருப்பேன். ஜெயித்தவன் பொள்ளாச்சிக்காரன், அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கைதட்டல் அடங்குகிற நேரம் பார்த்து அப்பா எழுந்தார். வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். யூனியன் கூட்டத்தில் பேசப்போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார். 

"தம்பி, ஒங்களச் சம்மதிக்கணும்யா," என்றார். "நான் சம்மதிச்சேன்."

 உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், மாமா சம்மதிச்சிட்டாருடா."

அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரிப்பு. விசில். ஒருவன் போனில் நாதஸ்வரத்தை ஓடவிட்டான், இன்னொருவன் நாற்காலியின் முதுகில் தவில் அடித்தான். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி நின்று எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தரையில் யாரோ சிந்தியிருந்த தக்காளி சாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுதச் சொன்னவர் அவரேதான்

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து அப்பா என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நம்ம கோயமுத்தூரு கதைய எப்ப எழுதுவ பாப்பா?"

அப்பாவும் அம்மாவும் இப்போது மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்கிற ஊரில் என் தம்பியோடு இருக்கிறார்கள். தம்பி ரிசார்ட்டுக்கு ஜீப் ஓட்டுகிறான். எங்கள் மலைக்கு இந்தப் பத்திரிகை வந்து சேர்வதற்குள் கீழே எல்லோரும் படித்து முடித்துப் பழைய பேப்பர் கடையில் போட்டிருப்பார்கள். ஆனாலும் அப்பா விடமாட்டார். பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்து, நான் எழுதியதைச் சத்தமாக வாசிப்பார். கேட்கிறவர்களுக்குத் தப்பிக்க வழி கிடையாது. பஸ் வந்தால்தான் விமோசனம்.

போன வாரம் அட்டைக்கடி பற்றி எழுதியிருந்தேனே, அம்மா காலில் உப்பு தேய்த்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனதை. அதை வாசித்துவிட்டு போன் பண்ணினார். "நல்லாருக்கு. ஆனா அட்டையப் பத்தி யாருக்குத் தெரியாது? கோயமுத்தூர எழுது. ஒரு மண்டபமே எனக்குக் கைதட்டுச்சுல்ல."

அவர் ஞாபகத்தில் அந்த நாள் அப்படித்தான் இருக்கிறது. மகள் விளையாடப் போன இடத்தில், ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று தன்னைக் கொண்டாடினார்கள். ஆயுசில் அவருக்கு வேறு எங்கேயும் யாரும் கைதட்டியதில்லை.

உள்ளபடி எழுதினால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும், அதுவும் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் நடுவில் சத்தமாக வாசிக்கும்போது. அவர் நினைக்கிறபடி எழுதினால் நான் உங்களிடம் புளுகுகிறேன் என்று ஆகும். இந்த இரண்டுக்கும் பயந்துதான் இத்தனை வாரமாக அட்டை, ஆனை, அடைமழை என்று எதையெதையோ எழுதிச் சமாளித்தேன். இனி முடியாது. அவர் விடுவதாக இல்லை.

ஒற்றைக்கால் பித்து

அப்பா பேர் முத்தையா. எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை உருட்டும் மெஷினில் நின்றவர். வீட்டுக்கு வந்தால் அவருக்கு முன்னால் பச்சிலை வாசனை உள்ளே வந்துவிடும். பேச்சு கம்மி. ஆனால் அடிதடிப் படம் என்றால் ஆளே வேறு.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில், டிவி இருந்த வீட்டுச் சுவரோரம் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூட்டம் அப்பிக்கொண்டிருக்கும். சீனாக்காரர்கள் தமிழ் பேசிக்கொண்டே பறந்து பறந்து அடிக்கும் படங்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் ஒற்றைக்காலைத் தூக்கி, இரண்டு கையையும் கொக்கு மாதிரி விரித்து நிற்பார். அம்மா உள்ளேயிருந்து, "கால் சுளுக்கி வேலைக்குப் போகாமக் கெடந்தா நான் எண்ணெ தேச்சுவிட மாட்டேன்," என்பாள். அவர் அசையமாட்டார்.

அந்தப் பித்துதான் என்னைக் கராத்தேயில் கொண்டு விட்டது. எஸ்டேட் பள்ளிக்கூட கிரவுண்டில் அடிமாலியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து சொல்லிக்கொடுத்தார். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இது என்று லயமே கேட்டது. "எனக்குத்தான் வரல, அதுக்காச்சும் வரட்டும்," என்றார் அப்பா. வந்தது. பிரவுன் பெல்ட் வரை போனேன். மேலே போகாததற்குக் காரணம் என் முழங்கால், வேறு யாரும் இல்லை.

மாஸ்டர் மலையாளி. நன்றாக ஒரு உதை விட்டால், "நின்னெ சம்மதிச்சு மோளே," என்பார். அப்பாவும் சினிமாவில் அடிபட்டு விழுந்த ஆள் எழுந்து நின்றால், "இவனச் சம்மதிக்கணும்யா," என்பார். எங்கள் மலையில் அது சாதாரணப் பேச்சு. மலையாளத்தில் ஒருவரைச் சம்மதிப்பது என்றால், 'உன்னை ஒத்துக்கொண்டேன், நீ பெரிய ஆள்தான்' என்று அர்த்தம். பயிற்சிச் சண்டையில் தோற்றவள் ஜெயித்தவளுக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு அதைச் சொல்வாள். சொல்லாவிட்டால் மாஸ்டர் கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுவார்.

தமிழில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு அர்த்தமே இல்லை என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. எப்படித் தெரியும்? வீட்டில் பேசுவது தமிழ். அதில் பாதி மலையாளம் கலந்திருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னது? பாலில் கலந்த தண்ணீர் தன்னைத் தனியாகவா காட்டும்.

அவதி வேணும் சார்

ஒருமுறை இல்லை, பலமுறை மாட்டியிருக்கிறேன். வாளையாறு எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கும் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோயமுத்தூரிலிருந்து தினமும் வந்து போகிற ஒரு மேனேஜர் இருந்தார். தம்பிக்கு நிச்சயதார்த்தம் என்று அவருக்கு மெசேஜ் அனுப்பினேன்: 'வெள்ளிக்கிழமை எனக்கு அவதி வேணும் சார்.'

மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. மனுஷன் பதறிப்போய் என் சீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா? எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்," என்றார். விஷயம் தெரிந்ததும் அவரே சிரித்துவிட்டார். அதிலிருந்து யார் லீவு கேட்டாலும் அந்த ஆபீசில் "அவதி சாங்ஷன்" என்பதுதான் பேச்சு.

அது வலிக்கவில்லை. எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, காரணம் தெரிந்து சிரித்த சிரிப்பு அது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குச் சிரிப்பே ஆகாது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூணாறில் படிக்கும்போது மலையாளப் பிள்ளைகளுக்கு நான் 'பாண்டி', அதாவது தமிழச்சி. வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தால் நான் 'மலையாளி'. இரண்டு பக்கமும் ஆள் வைத்துத்தான் அடித்தார்கள்.

கொழுந்து ப்ரோ

போனஸ் வந்ததும் பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கினேன். கஞ்சிக்கோட்டு வாடகை வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை அது. அதில் ஒரு சண்டை கேம். பேரைப் போடமாட்டேன். போட்டால் அதன் ரசிகர்கள் பத்திரிகை ஆபீசுக்கு வந்து 'நீ சொன்ன உதை இரண்டாம் பாகத்தில்தான் வந்தது' என்று சண்டைக்கு நிற்பார்கள். நானே அப்படி நின்றிருக்கிறேன்.

அந்த கேமில் ஒற்றைக்காலில் நின்று அடிக்கும் ஒரு பெண் உண்டு. பார்த்த உடனே கை தானாக அவளைத் தேர்ந்தெடுத்தது. வேறு யாரை எடுப்பேன், அப்பா வாசலில் நின்ற நிலை அல்லவா அது.

இணையத்தில் அந்த விளையாட்டுக்கு ஒரு தமிழ்க் குழு இருந்தது. இரண்டு கட்சி. ஒற்றைக்கால்காரியை ஆடுகிறவர்கள் கொக்கு கட்சி. ஆளைத் தூக்கிப் போட்டு மிதிக்கிற தடியனை ஆடுகிறவர்கள் காளை கட்சி. இந்த இரண்டு கட்சியும் போட்ட சண்டையில் ஒரு பங்கை மின்வாரியத்திடம் போட்டிருந்தால் தமிழ்நாட்டில் மின்வெட்டு தீர்ந்திருக்கும். நான் அதில் 'கொழுந்து' என்ற பேரில் இருந்தேன்.

ஒரு நாள் காளை கட்சிக்காரன் ஒருவன், அந்தக் கொக்கு உதையெல்லாம் சும்மா கம்ப்யூட்டர் பொம்மைக்குத்தான் வரும், எந்த மனுஷனாலும் முடியாது என்று எழுதினான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கராத்தே பேண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிகிற மாதிரி போனை வைத்து, அதே உதையை விட்டு வீடியோ போட்டேன். முழங்கால் அன்று பூராவும் என்னைத் திட்டியது. ஆனால் குழுவே கவிழ்ந்துவிட்டது. "கொழுந்து ப்ரோ, வேற லெவல்." "ப்ரோ நீங்க மாஸ்டரா?" ப்ரோ இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜாலியாகத்தான் இருந்தது.

மேளச் சத்தம்

அப்புறம் ஒரு ஞாயிறு மத்தியானம், குழுவில் எல்லோரும் பார்க்கும்படி நேரலையில் ஆட்டம். எனக்கு எதிரே 'பொள்ளாச்சிப் புயல்'. காளை கட்சியின் நம்பர் ஒன். நிஜப் பேர் தீபன். அவன்தான் முன்னால் சொன்ன பொள்ளாச்சிக்காரன்.

அவனுக்கு உயிர் ஒரு நூல்தான் மிச்சம். நான் உதைத்தால் முடிந்தது. உதைத்தேன். தடுத்தான். மறுபடி உதைத்தேன், அதையும் தடுத்தான். ஒரு தொடர் உதையில் ஒன்று விடாமல் தடுத்துவிட்டு, என் காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். முடிந்தது கதை. அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

மைக் ஆனில் இருந்தது. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "ஐயோ அண்ணா, ஒங்களச் சம்மதிச்சேன். சத்தியமா சம்மதிச்சேன்."

முதல் அதிர்ச்சி, கொழுந்து ப்ரோ பெண் குரலில் பேசியது. இரண்டாவது அதிர்ச்சிதான் பெரிசு. தமிழில் ஒரு பெண் ஒரு ஆணிடம் 'சம்மதிச்சேன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

திரையோரம் எழுத்துகள் கொட்டின. பொண்ணு ஓகே சொல்லிருச்சு. தாலி எங்கப்பா. பந்தியில எனக்கு ரெண்டு பாயாசம். ஆட்டத்தை நடத்திய பையன் கெட்டிமேளச் சத்தத்தைப் போட்டுவிட்டான். அந்தச் சிரிப்பில் தீபன் மட்டும், "டேய், சும்மா இருங்கடா. அவுங்க வேற ஏதோ சொல்றாங்க," என்றது யார் காதிலும் விழவில்லை.

மலையாளத்தில் இப்படி அர்த்தம் என்று நான் விளக்கி எழுதினேன். விளக்கினால் தொலைந்தோம். "ஓ, மலையாளச் சேச்சியா?" என்றான் ஒருவன். "தமிழ்தான்," என்றேன். "தமிழ்னா இப்படியா பேசுவீங்க?" என்றான் இன்னொருவன். மறுநாளே ஒற்றைக்கால்காரிக்குப் பட்டுப்புடவை கட்டி, மாலை போட்டுப் படம் வந்தது. கொழுந்து என்ற பேர் போய் நான் 'சம்மதம்' ஆனேன். என் உதையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தேயிலைப் பொட்டலம்

குழு நேரில் கூடுகிறது, காந்திபுரத்தில், போட்டியும் உண்டு என்று அறிவிப்பு வந்தபோது போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம் ரோஷம் வந்தது. நேரில் போய் அவனை ஜெயித்துக் காட்டினால் வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்போது அப்பா என்னோடு கஞ்சிக்கோட்டில் இருந்தார். ரிட்டயர் ஆகி, மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். நான் ஆடும்போது பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, "தூக்கு தூக்கு, காலத் தூக்கு," என்று டிவிக்கு யோசனை சொல்வார். போட்டி என்று தெரிந்ததும் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

"அங்கல்லாம் சின்னப் பசங்கப்பா. ஒங்களுக்குப் போரடிக்கும்."

"நான் பாக்கத்தான வாரேன். பேசவா வாரேன்?"

நடந்ததைச் சொல்லி, அந்த ஒரு சொல்லை மட்டும் அங்கே சொல்லாதீர்கள் என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அப்பாவிடம் போய், உங்கள் மகளை ஊரான் பிள்ளைகள் கல்யாணப் பெண்ணாக்கிக் கேலி பண்ணுகிறார்கள் என்று எப்படிச் சொல்ல? கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் அவர் மடியில் ஒரு துணிப்பை. உள்ளே எஸ்டேட் தேயிலைத் தூள், சின்னச் சின்னப் பொட்டலமாக. "வெறுங்கையோட போகக் கூடாது," என்றார். பஸ் முழுக்க அந்த வாசனை. மாடிக்குப் போனதும் வாசலில் நின்ற பையன்களிடம் ஆளுக்கொன்றாக நீட்டினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாங்கினார்கள். ஒருவன் மோந்து பார்த்துவிட்டுக் கண்ணடித்தான். எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

நான் ஆட உட்கார்ந்ததும் கூட்டம் ஆரம்பித்தது. "சம்மதம், சம்மதம்."

அப்பா முன்னால் குனிந்து என் காதருகே கேட்டார். "ஒன்னயவா சொல்றாங்க? அதுதான் இங்க ஒனக்குப் பட்டப்பேரா?"

"ஆமாப்பா," என்றேன். வேறு என்ன சொல்ல.

"பரவால்லையே. நல்ல பேருதான்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சொல்லுக்கு எங்கள் மலையில் என்ன அர்த்தமோ அதே அர்த்தத்தில்தான் இவர்களும் என் மகளைக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் முடிவு பண்ணியது அந்த இடத்தில்தான்.

ஆட்டத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை.  முதல் ரவுண்டு ஜெயித்தேன், மற்றதை விட்டேன். கடைசி ரவுண்டில் தீபன் மறுபடியும் அதே மாதிரி தடுத்தான், தூக்கினான், போட்டான். 'சம்மதிச்சேன்' என்று எனக்கு வாயில் வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். ஜென்மத்துக்கும் அதைச் சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

நான் விழுங்கியதைத்தான் அப்பா எழுந்து நின்று சொன்னார். தோற்றவள் சொல்ல வேண்டியதை மகள் சொல்லாமல் இருக்கிறாளே, மரியாதை இல்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஒங்களச் சம்மதிக்கணும்யா. நான் சம்மதிச்சேன். பின்வரிசை, மாமா, நாதஸ்வரம், தவில். அதுதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. தீபன் முகம் சிவந்து நின்றான். அப்பா அவன் கையிலும் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். "சீர் குடுத்தாச்சு," என்று ஒருவன் கத்தினான். மறுபடியும் சிரிப்பு. நான் தலையைக் குனிந்தபடியே இருந்தேன்.

வாளையாறு வரைக்கும்

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம். துணிப்பை காலி. மடித்து முழங்காலில் வைத்திருந்தார்.

"கோயமுத்தூர்க்காரங்க மருவாதி தெரிஞ்சவங்க பாப்பா," என்றார். "மொகம் தெரியாத ஆள, மாமான்னு மொறை வச்சுல்ல கூப்புடுறாங்க. நம்ம மூணாறுல கூப்புடுவானா? 'சேட்டா, மாறி நில்லு'ன்னு தள்ளி நிக்கச் சொல்லுவான்."

"ஆமாப்பா."

"மேளம்லாம் போட்டாங்க."

"ஆமாப்பா."

"நீ தோத்ததுக்கு வருத்தப்படாத. அந்தத் தம்பி கெட்டிக்காரன். ஆனா கொஞ்சம் தலக்கனம்." எதனால் அப்படிச் சொன்னார் என்று அப்போது நான் கேட்கவில்லை. வாளையாறு செக்போஸ்ட் வந்தது. அவர் தூங்கிவிட்டார். தூக்கத்திலும் முகம் சிரித்த மாதிரியே இருந்தது. எனக்கு அவர் மேல் கோபம், அவர்கள் மேல் கோபம், என் மேல்தான் எல்லாவற்றையும் விடக் கோபம். வெட்கமாக இருந்தது. அப்பாவை நினைத்து வெட்கப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

அந்தக் கைகூப்பலை எவனோ படம் எடுத்து ஸ்டிக்கராக்கிவிட்டான். அப்பாவின் முகம், கூப்பிய கை, கீழே 'மாமா சம்மதிச்சிட்டாரு'. குழுவில் கெஞ்சிப் பார்த்தேன். "ஜாலிக்குத்தான் சம்மதம், லூஸ்ல விடுங்க," என்றார்கள். குழுவை விட்டு வெளியேறினேன். ஆனால் ஸ்டிக்கர் என்னை விடவில்லை. வங்கிக் கடன் கிடைத்தாலும், வீட்டில் டூர் போக அனுமதி கொடுத்தாலும், யார் எதற்கு ஓகே சொன்னாலும் ஜனங்கள் அதை அனுப்புகிறார்கள். ஒருமுறை லீவு கேட்டதற்கு என் ஆபீசிலிருந்தே எனக்கு வந்தது. அனுப்பிய பெண்ணுக்கு அது என் அப்பா என்று தெரியாது. நன்றி என்று பதில் போட்டேன்.

போன மாதம் அது பள்ளிவாசலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போடியிலிருந்து யாரோ சொந்தக்காரப் பையன் அப்பாவுக்கே அனுப்பியிருக்கிறான். அப்பா உடனே எனக்கு போன் பண்ணினார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "பாத்தியா, இன்னும் ஞாபகம் வச்சுருக்காங்க. போட்டோலாம் போட்டுருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும், எழுது."

படித்துக் காட்டினேன்

டீக்கடையில் நாலு பேர் நடுவே அவர் வாய்விட்டு வாசித்துத் தெரிந்துகொள்வதற்கு முன், நானே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். இதுவரை நீங்கள் படித்ததை முழுசாக எழுதி, நேற்றுச் சாயங்காலம் போன் போட்டு, முதல் வரியிலிருந்து வாசித்தேன். அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை. அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை நிறுத்திக் கேட்டேன். "இருக்கேன், படி," என்றார்.

முடித்தேன். 

"அப்ப அந்தச் சிரிப்பு அதுக்கா?"

"ஆமாப்பா."

"மாமான்னது?"

"அதுவும்தான்ப்பா."

"அந்த போட்டோவும்," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

அம்மா தூரத்தில் யார் போன் என்று கேட்டாள். பாப்பா என்றார். அப்புறம், "ஆனா நீ தலையக் குனியலையே," என்றார்.

"என்னப்பா?"

"குனிஞ்சேன்னு ரெண்டு எடத்துல எழுதிருக்க. நீ குனியல. நீயும்ல சிரிச்ச. நான் ஒன்னயத்தானே பாத்தேன். பல்லு தெரியச் சிரிச்ச."

 இல்லைப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லும்போதே, அந்த மாடியில் என் கன்னம் இழுத்துக்கொண்டு வலித்தது ஞாபகத்துக்கு வந்தது. குனிந்திருந்தால் கன்னம் ஏன் வலிக்கும்.

"அந்தப் பொள்ளாச்சித் தம்பி ஒருத்தன்தான் சிரிக்கல," என்றார் அப்பா. "ஜெயிச்ச பய எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுருக்கான், தலக்கனம் புடிச்சவன் போலன்னு நெனச்சேன். அவனப் போயி தப்பா நெனச்சுட்டேன்."

"அப்பா..."

"மொதல்ல எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. எதுக்குடா இப்புடிச் சிரிக்கிறாங்கன்னு. திரும்பி ஒன்னயப் பாத்தேன். நீ சிரிச்ச. எம்மகளே சிரிக்குதுன்னா நல்லதுக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் கைகூப்புனேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அனுப்பவேண்டாம்னா விட்டுர்றேன்ப்பா. வேற எழுதிக்கிறேன்."

"அனுப்பு. எழுதுனத எழுதுனபடி அனுப்பு. தலையக் குனிஞ்சேங்குறத மட்டும் திருத்திரு." பிறகு, "வைக்கேன். வெளிய துணி நனையுது," என்றார்.

மேலே அந்த இரண்டு இடத்தையும் நான் அடிக்கவில்லை. நீங்கள் நம்பிப் படித்த மாதிரிதான் நானும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்ன திருத்தத்தை இங்கே போடுகிறேன். நான் சிரித்தேன்.